மூன்று ஐதரசன் இருந்தும் ஏன் இரண்டு மூல் காரம்தான்?

தம்பி, பொசுபரசு அமிலத்தில் (H₃PO₃) மூன்று ஐதரசன் இருந்தும் ஒரு மூலுக்கு இரண்டு மூல் சோடியம் ஐதரொட்சைட்டுதான் போகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கிற பலருக்கும் இடறுகிற இடம்தான் இது. சூத்திரத்தை விட்டுவிட்டுக் கட்டமைப்பைக் கீறிப் பாருங்கள். இரண்டு ஐதரசன் ஒட்சிசனோடு, மூன்றாவது நேரே பொசுபரசோடு. பொசுபரசுக்கும் ஐதரசனுக்கும் மின்னெதிர்த்தன்மை, அதாவது பிணைப்பு இலத்திரன்களை இழுக்கும் வலு, கிட்டத்தட்ட ஒன்று. பிணைப்பு முனைவுறாது, அந்த ஐதரசன் கழலாது. காரத்தோடு தாக்கமுறுவது ஒட்சிசனோடுள்ள இரண்டும்தான்.

அமிலத்தின் வலிமை வேறு கதை. அதற்கு ஐதரசன் ஒட்டாத ஒட்சிசன்களை எண்ண வேண்டும். ஐப்போகுளோரசு அமிலத்தில் ஒன்றுமில்லை, பிகேஏ (pKa, இது குறையக் குறைய அமிலம் வலியது) 7.5 அளவில். குளோரசு அமிலத்தில் ஒன்று வந்ததுமே 2 அளவுக்கு இறங்கிவிடுகிறது. பேர்குளோரிக்கு அமிலத்தில் மூன்று, ஐதரசன் போனபின் மிஞ்சும் எதிரயனின் மறையேற்றம் நான்கு ஒட்சிசனிலும் பரவி உறுதியாகிவிடும், புரோத்தன் (H⁺) இலகுவாகப் பிரியும். பொசுபரசு அமிலத்திலும் பொசுபோரிக்கு அமிலத்திலும் (H₃PO₄) அப்படிப்பட்ட ஒட்சிசன் ஒன்றுதான், அதனால்தான் முதல் பிகேஏ 1.3, 2.1 என்று அருகருகே நிற்கிறது.