சிஐ கட்டளையைக் காணோம், 2,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் அச்சகத்து ஃபயர்வால் கம்ப்யூட்டரில் பல வருடமாக ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் 11ஆம் பதிப்பு ஓடுகிறது. செட்டிங் கோப்பில் கை வைக்கும்போதெல்லாம் சிஐ கட்டளை அடித்து ஒரு பதிவு போட்டுவைப்பது என் பழக்கம். இப்போது ஒரு கடைக்காரர் பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, ஃப்ரீபிஎஸ்டி 14 போட்ட மினி பிசி தருவதாகச் சொல்கிறார். கடையில் உட்கார்ந்து சிஐ அடித்துப் பார்த்தேன், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. கேட்டால், ‘வெர்ஷன் கன்ட்ரோல் பேக்கேஜ்’ தனியாம், 2,000 ரூபாயாம். அரைகுறையாக இன்ஸ்டால் செய்து தலையில் கட்டுகிறாரா?

பதில்: இன்ஸ்டாலில் குறை இல்லை. ஆனால் அந்த 2,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

சிஐ, சிஓ எல்லாம் ஆர்சிஎஸ் என்ற பழைய கருவியின் கட்டளைகள்; ஒரு கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைப்பது அதன் வேலை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிஷி 1980களின் தொடக்கத்தில் எழுதியது. ஃப்ரீபிஎஸ்டி 11 வரை சிஸ்டத்தோடே வந்தது. 2013இல் ஒருமுறை எடுக்கப் பார்த்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் திரும்ப வைத்தார்கள். 12 முதல் எடுத்தே விட்டார்கள். ஜிபிஎல் என்ற, நிபந்தனைகள் அதிகமுள்ள மென்பொருள் உரிமத்தில் இருப்பவற்றை அடிப்படைத் தொகுப்பிலிருந்து குறைத்துக்கொண்டே வருவது அவர்கள் கொள்கை. இப்போது ஆர்சிஎஸ் தனி பேக்கேஜ், இலவசம். இணையம் இருந்தால் ஒரே கட்டளையில் இறங்கிவிடும். கடைக்காரர் உழைப்புக்குக் கூலி கேட்டால் அது வேறு பேச்சு. அப்போதும் என்ன வேலை செய்தார் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதை எடுத்தது எனக்கு ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘வேண்டுமென்றால் டவுன்லோட் செய்துகொள்’ என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கருவி எப்போது தேவைப்படுகிறது? பிஎஃப் என்ற ஃபயர்வால் மென்பொருளின் விதிக் கோப்பில் ஒரு வரி தப்பாகப் போய், அலுவலகம் முழுக்க இணையம் படுத்துவிட்ட நேரத்தில். நேற்றைய கோப்புக்கும் இன்றைய கோப்புக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போதுதான் பார்க்க வேண்டும், பேக்கேஜும் அப்போதுதான் இறங்காது. ஃப்ரீபிஎஸ்டி மாதிரியே இன்னொரு இலவச சிஸ்டமான ஓப்பன்பிஎஸ்டியைச் செய்பவர்கள் இந்த விஷயத்தில் சமர்த்து. ஓப்பன்ஆர்சிஎஸ் என்று, நிபந்தனைகள் குறைந்த பிஎஸ்டி உரிமத்தில் தாங்களே எழுதி, சிஸ்டத்தோடு வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, முக்கியமான செட்டிங் கோப்புகள் மாறியிருந்தால் தினமும் ஒரு ஸ்கிரிப்ட் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசத்தை ரூட்டுக்கு, அதாவது நிர்வாகி கணக்குக்கு, மெயில் போட்டுவிடும். ஃபயர்வாலுக்கென்றே வாங்குவதால் ஓப்பன்பிஎஸ்டியையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். விதிக் கோப்பின் எழுத்துமுறை இரண்டிலும் கொஞ்சம் வேறுபடும், அப்படியே தூக்கி வைத்தால் ஓடாது.

‘கிட் இருக்கும்போது இந்தக் கிழட்டுக் கருவி எதற்கு’ என்று யாராவது சொல்வார்கள். கிட் என்பது இதே வேலைக்கு இன்று பரவலாகப் புழங்கும் கருவி. பத்துப் பேர் சேர்ந்து புரோகிராம் எழுத கிட் வேண்டும்தான். ஒரே ஆள் ஒரே கோப்பில் இரண்டு வரி மாற்ற ஆர்சிஎஸ் போதும். சொல்லப்போனால் ஃப்ரீபிஎஸ்டியில் கிட்டும் தனி பேக்கேஜ்தான்.

சரி, நீங்கள் கவலைப்பட வேண்டியது எக்ஸ்சேஞ்சைப் பற்றி. பழைய பெட்டியில் செட்டிங் கோப்புகள் இருக்கும் இடிசி ஃபோல்டருக்குள் ஆர்சிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், பெயருக்குப் பின்னால் காற்புள்ளியும் வி என்ற எழுத்தும் ஒட்டிய கோப்புகள் அங்கேயே கிடக்கும். இத்தனை வருடம் என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. பென்டிரைவில் எடுத்து, புதுப் பெட்டியில் திறந்து பார்த்த பிறகே பழையதைக் கைமாற்றுங்கள். அப்புறம், அதே பென்டிரைவில் ஆர்சிஎஸ் பேக்கேஜ் கோப்பையும் ஒரு பிரதி போட்டுவையுங்கள். நெட் இல்லாமலே அதிலிருந்து இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.