படையை அனுப்பியவர் சொல்ல வேண்டியது

கேள்வி: கிழக்கு காங்கோவில் நம் தென்னாப்பிரிக்கப் படை இருந்தாக வேண்டும் என்றார் ஜனாதிபதி ராமபோசா. 2025 ஜனவரியில் அங்கே நடந்த சண்டையில் நம் வீரர்கள் 14 பேர் இறந்தார்கள். மார்ச்சில் படையைத் திரும்பக் கூட்டிவர ஒப்புக்கொண்டார். நிலைமை மாறினால் தலைவரும் மாறத்தானே வேண்டும்? இதற்குப் போய் அவரை ஏன் குறை சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அவர் மாறியதை நான் குறை சொல்லவில்லை ஐயா. அந்தப் பிள்ளைகளை இன்னும் முன்னாடியே கூட்டி வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஏன் மாறினோம் என்று அவர் நேராகச் சொல்லவில்லை. கோபம் அதில்தான்.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2024 பிப்ரவரியில், 2,900 பேரை அனுப்புகிறோம், 200 கோடி ராண்டுக்கு மேல் செலவாகும் என்று அறிவித்தார்கள். அந்த நவம்பரில் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் அமைப்பான சாடெக், நம் ஆட்கள் சேர்ந்திருந்த அதன் கூட்டுப்படையின் காலத்தை இன்னும் ஓராண்டு நீட்டியது. 2025 ஜனவரி இறுதியில் கிழக்கு காங்கோவின் கோமா நகரம், ருவாண்டாவின் ஆதரவு பெற்றதாகச் சொல்லப்படும் எம்23 கிளர்ச்சிக்காரர்கள் கையில் விழுந்தது. விமான நிலையமும் அதோடு போயிற்று. அதற்குப் பிறகும், ஜனவரி 31 அன்று ஹராரேயில் கூடிய தலைவர்கள் காங்கோவுக்குத் துணை நிற்போம் என்றே சொன்னார்கள். மார்ச் 13 அன்று அதே அமைப்பு, படையின் பணி முடிந்தது என்று அறிவித்தது.

அமைதிப் பேச்சுக்கு வழிவிடத்தான் இந்த முடிவு என்கிற அளவில் ஒரு விளக்கம் வந்தது. சரி, பேச்சுதான் வழி என்பது ஜனவரியில் தெரியாதா? உண்மையில் நடுவில் மாறியது களம். நம் ஆட்கள் முகாமுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். ஆயுதமோ ஆளோ உதவிக்குப் போக வழியில்லை. 2013இல் இதே எம்23ஐ ஐ.நா. படை முறியடித்தபோது நம் ரூய்வால்க் போர் ஹெலிகாப்டர்கள் மேலே பறந்தன. இந்த முறை தரையில் நின்றவர்களுக்கு அப்படி ஒரு வான் பாதுகாப்பு இல்லை. போதிய பலம் இல்லாமல் அனுப்பிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா நாளில்கூட அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஏப்ரல் 29 அன்றுதான் புறப்பாடு தொடங்கியது. அதுவும் ருவாண்டா வழியாக! ஜனவரியில் அந்த நாட்டு ராணுவத்தை ஆயுதக் கும்பல் என்கிற பொருளில் ராமபோசா எழுதியதும், ருவாண்டா ஜனாதிபதி ககாமே அதற்குக் காட்டமாகப் பதில் கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

நம் அரசியலமைப்பின் 201ஆம் பிரிவுப்படி, படையை அனுப்ப உத்தரவிடும் அதிகாரம் ஜனாதிபதிக்கு மட்டும்தான். வெளிநாட்டுக் கடமைக்கு அனுப்பினால் காரணம், இடம், ஆள் எண்ணிக்கை, காலம் இவற்றை அவர் நாடாளுமன்றத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் போதும், அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிலைப்பாட்டை மாற்றும்போது காரணம் சொல்லும்படி அந்தப் பிரிவு எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. இந்த ஓட்டையில்தான் எல்லாரும் ஒளிந்துகொள்கிறார்கள்.

2013 மார்ச்சில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில் 13 வீரர்களைப் பறிகொடுத்தோமே, அப்போதும் இதே கதைதான். அந்த நாட்டு ராணுவத்துக்குப் பயிற்சி கொடுக்கவென்று 2007இல் போனவர்கள், கடைசியில் தலைநகரைப் பிடிக்க வந்த கிளர்ச்சிப் படையோடு சண்டை போட நேர்ந்தது. பயிற்சி எப்போது போரானது என்று அன்றைய ஜனாதிபதி ஜூமாவின் அரசு தெளிவாகச் சொல்லவே இல்லை. அடுத்த மாதம் படை திரும்பியது, பேச்சும் அடங்கிவிட்டது. அன்றைக்கு விடாமல் கேட்டிருந்தால், பத்து வருடம் கழித்துக் காங்கோவுக்கு ஆள் அனுப்பும்போது கொஞ்சமாவது யோசித்திருப்பார்கள்.

நிலைமை மாறியதால் மாறினார் என்கிறீர்கள். எந்த நிலைமை, எந்தத் தேதியில் மாறியது, அது அவருக்கு எப்போது தெரிந்தது? இதை அவர் முதலில் அந்த 14 குடும்பங்களுக்குச் சொல்லட்டும், அப்புறம் நாடாளுமன்றத்தில் சொல்லட்டும். அதுவரை இந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.