தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன், அக்கா

கேள்வி: எனக்கு 19 வயது, ஊர் கீழக்கரை. ஜப்பானிய மொழி படிக்க ஷிசுவோகாவுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. பக்கத்தில் யாய்சு என்கிற துறைமுக ஊரில், வயதான கணவன் மனைவி இரண்டு பேர் இருக்கிற வீட்டில் தங்கியிருக்கிறேன். இரண்டாம் நாள் ராத்திரி என்னைத்தான் முதலில் குளிக்கச் சொன்னார்கள். தொட்டி நிறைய வெந்நீர். குளித்து முடித்ததும், நம்ம குளித்த தண்ணீர் இன்னொருத்தருக்கு எதற்கு என்று அடைப்பைப் பிடுங்கிவிட்டேன். அந்த அம்மா வந்து பார்த்தார், ‘தாய்ஜோபு, தாய்ஜோபு’, பரவாயில்லை, என்று சிரித்துவிட்டு மறுபடியும் குழாயைத் திறந்தார். ஐயா குளிக்கப் போகும்போது மணி 11. அன்றிலிருந்து வகுப்பு முடிந்து வந்தால் அறைக்குள்ளேயே கிடக்கிறேன். எந்தக் குழம்பில் என்ன இருக்கிறதோ, கேட்கவும் கூச்சம், வெறும் சோறும் முட்டையுமாக ஓடுகிறது. உம்மாவிடம் சொன்னால் அழுவார்கள். ஹாஸ்டலுக்கு மாறிவிடட்டுமா அக்கா?

பதில்: இப்போதைக்கு மாறாதே தங்கச்சி. நீ செய்தது பெரிய குற்றம் இல்லை, அந்த வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாது, அவ்வளவுதான். அங்கே தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தலையும் உடம்பும் நன்றாகக் கழுவி, நுரை எல்லாம் போன பிறகுதான் தொட்டிக்குள் இறங்குவார்கள். இறங்குவது அழுக்குப் போக இல்லை, உடம்பு சூடேற. அந்த ஒரு தொட்டி, ஏறக்குறைய 200 லிட்டர், வீட்டில் எல்லாருக்கும் அதுதான். ஒருவர் ஏறியதும் சூடு ஆறாமல் மூடி போட்டு வைப்பார்கள், மிஞ்சியதை மறுநாள் துணி துவைக்க எடுக்கிற வீடுகளும் உண்டு. தண்ணீர் லாரி வருகிற சத்தம் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய நம்ம மாவட்டத்துப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். இன்னொன்றும் கவனி, உன்னை முதலில் குளிக்கச் சொன்னார்களே, அது விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை.

எனக்குக் கவலை தொட்டியைப் பற்றி இல்லை, நீ கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதைப் பற்றித்தான். நீ வெட்கத்தில் உள்ளே இருக்கிறாய் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பிள்ளைக்கு நம் வீடு பிடிக்கவில்லை போல என்று அந்த இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பார்கள். நானும் இருபது வயதில் அந்த நாட்டில் ஒரு வீட்டில் தங்கிப் படித்தவள். அங்கே பெரும்பாலான வீடுகளில் வீடு முழுக்கச் சூடாக்குகிற வசதி கிடையாது, ஏப்ரல் ராத்திரிகூட நம்ம உடம்புக்கு நடுக்கும். கேட்டால் தொந்தரவு என்று நினைப்பார்களோ என்று ஒன்பது நாள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சுருண்டு படுத்தேன். பத்தாம் நாள் சொன்னபோது அந்த அம்மா வெந்நீர்ப் பை ஒன்றைத் துணியில் சுற்றி என் காலடியில் வைத்துவிட்டு, ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. நான் அடக்கமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவரோ தன்னிடம் ஏதோ குறை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், நீ ஆறாவது நாளில் இருக்கிறாய். இனி அந்த வீட்டில் உனக்கென்று ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொள். கடைசி ஆள் குளித்த பிறகு தொட்டியைத் தேய்த்துக் கழுவும் வேலையையே கேளேன், உன் மனதில் உறுத்துவதும் அதுதானே, அதற்கு இதைவிட நல்ல மன்னிப்பு எனக்குத் தோன்றவில்லை. அப்புறம், காலையில் சத்தம் காட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பாதே. நம்ம ஊரில் ‘போறேன்’ என்று சொல்லமாட்டோம், ‘போயிட்டு வாரேன்’ என்போம் இல்லையா, அங்கேயும் அச்சு அசலாக அதேதான். ‘இத்தேகிமாஸு’ என்றால் போய் வருகிறேன் என்றுதான் பொருள். உள்ளேயிருந்து ‘இத்தேராஷ்ஷாய்’, போய் வா, என்று பதில் வரும். திரும்பி வந்ததும் வாசலிலேயே ‘ததாய்மா’ என்று குரல் கொடு, ‘ஒகாயெரி’ என்பார்கள். நாலே வார்த்தை, இலக்கணம் எல்லாம் மெல்ல வரட்டும்.

சாப்பாட்டு விஷயம் இதைவிட அவசரம், ஆறு நாளாகச் சோறும் முட்டையும் என்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? பன்றியும் மதுவும் சேர்ந்தது சாப்பிடமாட்டேன், மீன், முட்டை, காய்கறி எல்லாம் சாப்பிடுவேன் என்று உன் டீச்சரிடம் ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கி அந்த அம்மா கையில் கொடு. சமையலுக்கு ஊற்றுகிற ‘மிரின்’, ‘சாக்கே’ இரண்டும் மது வகை, அந்த இரண்டு பெயரையும் தனியாக எழுதச் சொல், ஏனென்றால் அதை அவர்கள் மசாலாச் சாமான் மாதிரிதான் நினைப்பார்கள், மது என்று தோன்றவே தோன்றாது. உப்பு மட்டும் தடவிச் சுட்ட மீன் கேள், மகிழ்ச்சியாகச் செய்து தருவார்கள். யாய்சு சூரை மீனுக்குப் பேர்போன துறைமுகம். அடுப்படியில் மரக்கட்டை மாதிரி கெட்டியாக ஒன்று இருந்தால், இல்லை பாக்கெட்டில் இளஞ்சிவப்பில் மெல்லிய சீவல் இருந்தால், எடுத்து முகர்ந்து பார். சூரையை வேகவைத்துப் புகை போட்டுக் காயவைத்த ‘கட்சுவோபுஷி’ அது. உங்கள் வீட்டில் சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாட்டின் வாடை அப்படியே வரும், நான் முதல் தடவை முகர்ந்தபோது ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த அம்மாவிடம் மாசியின் படத்தைக் காட்டு, எப்படி இடிப்போம் என்று கையால் செய்து காட்டு, பேச்சு தானாக வரும்.

தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்வதற்கு முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைக்க வேண்டாம், அந்தத் தரை நனையக் கூடாது என்று பார்ப்பார்கள். குளியலறையில், முக்காலி போட்டிருக்கிற இடத்தில் செய், அங்கே தண்ணீர் ஓட வழி இருக்கும். ஒரு மாதம் இருந்து பார். அதற்குப் பிறகும் மனது ஒட்டவில்லை என்றால் மாறுவதில் தப்பே இல்லை. உம்மாவிடம் இன்றைக்கே சொல், அழுதால் அழட்டும், தெரியாமல் இருப்பதற்கு அது மேல்.

கேள்வி: மகன் ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கிறான். ராத்திரி அடுப்பே பற்ற வைப்பதில்லையாம். ரொட்டியும் சீஸும் வெள்ளரிக்காயும்தானாம். பிள்ளையைப் பட்டினி போடுகிறார்களா? (தங்கச்சிமடம் வாசகி)

பதில்: பட்டினி இல்லை அம்மா. அந்தச் சாப்பாட்டுக்குப் பெயரே ‘ஆபெண்ட்ப்ரோட்’, மாலை ரொட்டி என்று அர்த்தம். மதியம் சூடாகவும் ராத்திரி ஆறினதாகவும் சாப்பிடுவது அங்கே பழைய வழக்கம். மகனை மதியம் கல்லூரி கேன்டீனில் வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு ராத்திரி நான் சமைக்கட்டுமா என்று அவனே கேட்கலாம், ஆனால் சாமானைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும், ஞாயிறு கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். இன்னொன்று, கடலுக்குப் போகிறவர்களை அனுப்பிவிட்டு விடியற்காலை 4 மணிக்கு நீங்கள் போன் போட்டால் அங்கே நள்ளிரவு. ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பு. நம்ம ராத்திரி 9 மணிக்குப் பேசுங்கள், அவனுக்கு அது சாயங்காலம்.

கேள்வி: அடுத்த மாதம் ஜப்பான் போகிறேன். மிக்ஸி எடுத்துப் போகலாமா? தங்கப்போகிற வீட்டுக்கு என்ன கொண்டுபோவது? (பாம்பன் மாணவர்)

பதில்: மிக்ஸி வேண்டாம் தம்பி. அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்ம மிக்ஸி அதில் சரியாக ஓடாது. போன் சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் போதும், இரண்டு தட்டை முள் இருக்கிற அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள். சளி, இருமல் மருந்தை அள்ளிப் போட்டுக்கொள்ளாதே. கோடீன், சூடோஎபெட்ரின் கலந்த மருந்துகளுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு, அட்டையைப் படித்துப் பார்த்து எடுத்து வை. வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அந்த வீட்டுக்காரர்களையே கூட்டிப்போகச் சொல். பரிசுக்குக் கீழக்கரை தொதல் ஒரு பெட்டி போதும், அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, சீக்கிரம் கெடாது. இரண்டு கையாலும் கொடு. அவர்கள் உன் முன்னால் பிரிக்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்தால் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதே, அங்கே அநேகமாக அப்படித்தான் வாங்குவார்கள்.