ஸ்டாக்கைக் கூட்டிப் போடச் சொன்னா என்ன பண்றது?

நீங்க திருப்பூர் பனியன் கம்பெனியில அக்கவுண்டன்ட். கடன் லிமிட்டுக்காக பேங்க்குக்குப் போற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்ல (சரக்கிருப்புக் கணக்கு) 40 லட்சம் கூட்டி, "டையிங்ல (சாயப்பட்டறையில) கிடக்குதுன்னு எழுதிக்கோ"ங்கறாரு முதலாளி. இதுதானுங்களே உங்க கேள்வி?

எழுதாதீங்க. டையிங்ல இருக்குதுன்னா யாரும் போய்ப் பாக்க மாட்டாங்கன்னு இங்க பல பேருக்கு நெனப்பு. பேங்க் அனுப்பற ஸ்டாக் ஆடிட்டர் டெலிவரி சலானைக் கேப்பாருங்க. எத்தனை ரோல், எத்தனை கிலோ, வாங்கிக்கிட்டவன் கையெழுத்து. இல்லாத துணிக்குச் சலான் போட்டா அது ரெண்டாவது பொய், அதுவும் உங்க கையால.

உங்களுது பிரைவேட் லிமிடெட்னு சொல்றீங்க. 2023 ஏப்ரல்ல இருந்து கம்பெனிக்கெல்லாம் எடிட் லாக் இருக்கற சாஃப்ட்வேர் கட்டாயம். எந்த என்ட்ரிய எப்ப மாத்துனாங்கன்னு அதுல நிக்கும், உங்க லாகின்லதான் நிக்கும். "முதலாளி சொன்னாரு"ன்னா தப்பிச்சுக்க முடியாதுங்க. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கு மோசடி வழக்குல 2015ல தண்டனை ஆனப்ப, முதலாளி ராமலிங்க ராஜுவோட ஃபைனான்ஸ் பிரிவுல வேலை பார்த்தவங்களும் அதுல இருந்தாங்க.

புக்குப்படி வர்ற கணக்கை அப்படியே மெயில்ல அவருக்கு அனுப்புங்க, வாயால பேசி முடிக்காதீங்க. மொறைச்சுக்கவும் வேண்டாம். சரக்கு வாங்கற பையர்கிட்ட இருந்து பணம் லேட்டுன்னா கையில இருக்கற ஆர்டரைக் காட்டி பேங்க்லயே தற்காலிக லிமிட் கேக்கலாமுன்னு சொல்லிப் பாருங்க. கம்பெனி ஃபைலை மட்டும் பென் டிரைவ்ல அள்ளிட்டுப் போயிடாதீங்க, அது உங்க மேலயே திரும்பும்.

மறுபடியும் நெருக்குனாருன்னா உங்க கம்பெனி ஆடிட்டர் காதுல போட்டுட்டு வேற எடம் பாருங்க. ஜிஎஸ்டி தெரிஞ்ச ஆளுக்கு ஈரோட்டுலயும் கோயமுத்தூர்லயும் வேலைக்கா பஞ்சம்?