அம்மா உட்காராமல் நடந்துகொண்டே இருக்கிறார், மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54. யாரோ திட்டும் குரல் காதில் கேட்பதாகச் சொல்லி ராத்திரி முழுக்க தூங்காமல் இருந்ததால் மனநல மருத்துவரிடம் காட்டினோம். ஹாலோபெரிடால் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. குரல் குறைந்துவிட்டது, ஆனால் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டே இருக்கிறார், முகத்தில் சிரிப்பே இல்லை. நோய் முற்றுகிறதா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், குரல் திரும்ப வந்துவிடும். அதற்காக அடுத்த தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம், நாளைக்கே போய்க் காட்டுங்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நோய் முற்றியதாகத் தோன்றவில்லை, மாத்திரையின் பக்கவிளைவு போலத்தான் தெரிகிறது. அகதீசியா என்று பெயர். சாப்பிட உட்கார்ந்தவர் இரண்டு வாய் சாப்பிட்டதும் எழுந்துவிடுவார், நின்றாலும் காலை மாற்றி மாற்றி ஊன்றுவார், ஏன் என்று கேட்டால் 'உள்ளே என்னமோ பண்ணுது' என்பார், அதற்கு மேல் சொல்லத் தெரியாது. இதை நோயின் படபடப்பு என்று நினைத்து மருந்தைக் கூட்டினால் தவிப்பு இன்னும் ஏறும். அதனால் டாக்டரிடம் 'அம்மா படபடப்பாக இருக்கிறார்' என்று மட்டும் சொல்லாதீர்கள், 'மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் இந்த நடை' என்று சொல்லுங்கள். இந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை விட்டுவிடலாமா என்று நினைப்பவர்களும் உண்டு, அம்மாவிடம் அதையும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? 1952-ல் பாரிஸில் மனநோய்க்குக் கொடுக்கத் தொடங்கிய குளோர்புரோமசின், 1958-ல் பெல்ஜியத்தில் உருவான ஹாலோபெரிடால் எல்லாமே மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற ரசாயனம் வந்து ஒட்டுகிற இடங்களை அடைக்கிற மருந்துகள். குரலைக் கிளப்பிவிடும் பாதையில் அடைத்தால் நமக்கு நல்லது, ஆனால் உடலின் அசைவுகளை நடத்தும் பாதையையும் சேர்த்தே அடைத்துவிடும். சுமார் 65 முதல் 70 சதவீதம் அடைபட்டாலே பலன் தெரியும், 80-ஐத் தாண்டினால் நடுக்கம், விறைப்பு, உணர்ச்சி காட்டாத முகம் எல்லாம் வரத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே இடம் அவ்வளவுதான்! அதனால் பலருக்கு அளவைக் கொஞ்சம் குறைத்தாலே போதும். இல்லையென்றால் டாக்டர் புரோப்ரனலால் சேர்ப்பார் (ஆஸ்துமா இருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்) அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். ட்ரைஹெக்ஸிபெனிடில் மாத்திரை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் நன்றாக உதவும், இந்த நடைக்கு அவ்வளவாக உதவாது.

கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாலோ கண் மேலே செருகிக்கொண்டாலோ பயப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பெரும்பாலும் ஓர் ஊசியிலேயே சரியாகிவிடும். காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்து, பேச்சும் குழம்பினால் மட்டும் ஒரு வேளை மருந்துகூடக் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், அது உயிருக்கே ஆபத்து. அப்புறம், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு நாக்கும் உதடும் தானாக அசைய ஆரம்பிக்கலாம், சிலருக்கு அது நிரந்தரமாகவே தங்கிவிடும் என்பதால் தொடக்கத்திலேயே கவனித்துச் சொல்ல வேண்டும்.

எத்தனை மில்லிகிராம் என்று நீங்கள் எழுதவில்லை. மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா நடப்பதை இன்றைக்கே போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துவையுங்கள், டாக்டர் முன்னால் அவர் சிரமப்பட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்.