ஆபத்தான ஜன்னல் வேலைக்கு எவ்வளவு கேட்பது?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. மகன் ஜன்னல் துடைக்கும் தொழிலில் இறங்கிவிட்டான் என்பது ஒன்று. மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் வேலைகளை, இரட்டிப்புக் கூலி கிடைக்கிறதே என்று அவன் ஒப்புக்கொள்கிறான் என்பது இன்னொன்று. முதலாவதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கைமுதல் அதிகம் கேட்காத தொழில் அது, துடைத்த ஜன்னல் மறுபடியும் அழுக்காகும் என்பதால் வாடிக்கையும் நிலைக்கும். நாம் பேச வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான்.

இரட்டிப்பு என்ற கணக்கே தவறு. பயத்துக்கு ஒரு தொகை கூட்டிக் கேட்பது விலை ஆகாது. விழுந்துவிட்டால் இரண்டு மடங்கும் உதவாது, பத்து மடங்கும் உதவாது. அந்த ஆபத்தை நீக்க என்ன செலவாகும் என்று பார்த்து, அதைத்தான் அவன் கேட்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருந்த அந்த முகப்புக் கண்ணாடிக் கூரையையே எடுத்துக்கொள்வோம். அதற்கு மேலே இருப்பது சாதாரண ஜன்னல்தான், தரையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் கண்ணாடிக் கூரைமேல் கால் வைக்கவும் கூடாது, ஏணி ஊன்றவும் கூடாது. சாரம் கட்டினால் வாடகை, கொண்டுவர வண்டி, கட்டிப் பிரிக்க இரண்டு பேருக்கு அரை நாள் கூலி, கீழே யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று செலவு இருக்கிறது. இதையெல்லாம் எழுதிய பிறகு, துடைக்கும் ஐந்து நிமிடம் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. கொட்டேஷனில் வரி வரியாக இதைக் காட்டினால், 'ஒரு ஜன்னலுக்கா இவ்வளவு?' என்ற பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் வேலை போகட்டும். லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், சாரத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சில இடங்களில் சாரமே வேண்டாம். தரையில் நின்றபடி, நீளமான கம்பத்தின் நுனியில் உள்ள பிரஷ்ஷுக்குத் தண்ணீர் ஏற்றித் தேய்க்கலாம். உப்பு நீக்கிய தண்ணீர் என்பதால் தானாகக் காய்ந்தாலும் புள்ளி விழாது. ஆனால் கார்பன் ஃபைபர் கம்பமும் அலுமினியக் கம்பமும் மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்தில் மின்கம்பி போகிறதென்றால் அந்த வேலைக்கு விலை சொல்லவே கூடாது.

உயரத்தை நினைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள், நியாயம்தான். ஆனால் இந்தத் தொழிலில் புதியவர்களைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் தரைத்தளத்துக் கண்ணாடி. புதுக் கட்டடத்தில் சிமென்ட் தெறிப்பு, பெயின்ட் துளி, ஸ்டிக்கர் பசை எல்லாம் ஒட்டியிருக்கும். பிளேடு போட்டுச் சுரண்டினால் போய்விடும் என்றுதான் தோன்றும். ஆனால் டஃபன்டு கண்ணாடியை, அதாவது சூடாக்கி உறுதி கூட்டும் கண்ணாடியை, உலையில் சூடாக்கும்போது அதைத் தாங்கும் உருளைகள் சுத்தமாக இல்லாவிட்டால், கண்ணாடித் துகள்கள் அதன் மேற்பரப்பிலேயே உருகி ஒட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாது. விரல் நகத்தால் மெல்ல வருடினால் மணல் தாள் மாதிரி நெருடும். அதன்மேல் பிளேடை இழுத்தால் துகள் பெயர்ந்து, பிளேடின் அடியில் சிக்கி, கண்ணாடி நெடுகக் கோடு போட்டுக்கொண்டே போகும். அந்தக் கோடு வெயில் சாய்வாக விழும்போதுதான் தெரியும், அதற்குள் பத்து ஜன்னல் முடிந்திருக்கும். குறை கண்ணாடி செய்தவருடையது என்றாலும், பிளேடு பிடித்தவனைத்தான் மாற்றிக் கொடு என்பார்கள்.

ஆகவே இத்தகைய வேலைக்குப் போனில் விலை சொல்ல வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். நேரில் போய், ஓரத்தில் ஒரு சின்ன இடத்தைச் சுத்தம் செய்து பார்க்கட்டும். அதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொண்டு, மொத்தப் பரப்புக்கும் அதை வைத்தே கணக்குப் போடட்டும். ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் படம் எடுத்து, பிளேடு பயன்படுத்துவதால் கீறல் விழுந்தால் பொறுப்பு யாருடையது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே தொடங்கட்டும். கையெழுத்துப் போட மறுப்பவரிடம் வேலை எடுக்க வேண்டாம்.

பழைய உப்புக்கறைக்கும் இதே முறைதான். கண்ணாடியே அரிக்கப்பட்டிருந்தால் கறை முழுதாகப் போகாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சீக்கிரம் முடிகிறதே என்று ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த திரவத்தை அவன் வாங்கினால் மட்டும் தயங்காமல் தடுங்கள். தோலில் பட்டவுடன் வலிக்காமல் இருக்கலாம். உள்ளே இறங்கி ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத்தையே நிறுத்தக்கூடியது. அது இல்லாமல் முடியாத வேலை நம் வேலை இல்லை.

இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. பாலிசியை எடுத்து இரண்டு இடங்களை அவனோடு உட்கார்ந்து படியுங்கள். எத்தனை உயரம் வரை செல்லும்? துடைக்கும் கண்ணாடிக்கே சேதம் வந்தால் தருவார்களா? பல பாலிசிகளில் இரண்டாவதற்கு இல்லை என்றுதான் இருக்கும். அதற்குத் தனியாகக் கட்டும் பிரீமியத்தை அப்படிப்பட்ட வேலைகளின் விலையில்தான் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் எழுதியிருந்த அந்த ஐந்தாம் மாடி ஜன்னல் வேலை. கயிற்றில் தொங்கிச் செய்வதென்றால் இரண்டு கயிறுகள் வேண்டும். உடல் எடையைத் தாங்க ஒன்று, அது அறுந்தால் பிடிக்க இன்னொன்று, இரண்டும் தனித்தனி இடத்தில் கட்டப்பட்டவை. மேலே தொங்குபவர் மயங்கினால் இறக்கத் தெரிந்த ஆளும் உடன் இருக்க வேண்டும். கயிற்றில் தொங்கிச் செய்யும் வேலைக்கான ஐராட்டா (IRATA) என்ற பன்னாட்டு அமைப்பின் முதல் நிலைச் சான்றிதழுக்கே குறைந்தது நான்கு நாள் பயிற்சியும் அதன்பின் ஒரு நாள் தேர்வும் உண்டு. இரண்டாம் நிலைக்குப் போக ஓர் ஆண்டும் 1000 மணி நேரக் கயிற்று அனுபவமும் கேட்கிறார்கள். உயரம் அவனுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் அந்தப் பயிற்சிக்கு நீங்கள் பணம் கட்டலாம், வீணாகாது.

இப்போதைக்கு வெளிப்பக்கத்தைக் கயிற்று வேலை தெரிந்த நிறுவனத்திடம் விட்டுவிட்டு, உள்பக்கக் கண்ணாடிக்கு மட்டும் தனி கொட்டேஷன் கொடுக்கச் சொல்லுங்கள்.