ஒரே வரி பேட்ச்தான், ஆனால் டீஃபால்ட்டை மாற்றுகிறது. மெயின்டெய்னர் மறுப்பது நியாயமா?

புதிய டீஃபால்ட்தான் (பயனர் எதையும் மாற்றாதபோது இருக்கும் செட்டிங்) நல்லது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிகிறது, நீங்கள் அனுப்பிய பேட்ச்சும் (கோடு திருத்தம்) ஒரே வரிதான், இருந்தும் திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் ஏன் மறுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நான் மெயின்டெய்னர் பக்கம்தான் நிற்பேன். ஆனால் மெயின்டெய்னர்களே அவசரப்பட்ட கதையும் உண்டு. அதிலிருந்து தொடங்கினால் காரணம் தெளிவாகும்.

லினக்ஸில் சேவைகளையும் பிராசஸ்களையும் (ஓடும் நிரல்களையும்) நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 230ஆம் பதிப்பு 2016 மே மாதம் வெளியானது. கில்யூசர்பிராசஸஸ் என்ற செட்டிங் அதுவரை ‘நோ’வாக இருந்தது, அதில் ‘எஸ்’ ஆகிவிட்டது. அதாவது நீங்கள் லாகவுட் செய்தவுடன் அந்த செஷனில் தொடங்கிய எல்லா பிராசஸும் நிறுத்தப்படும். எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக சர்வருக்குள் போய், இணைப்பு முடிந்தாலும் வேலையைத் தொடரவைக்கும் ஸ்கிரீனிலோ டீமக்ஸிலோ ஒரு நீண்ட வேலையை ஓடவிட்டு வெளியே வந்து, மறுநாள் திரும்பிப் பார்ப்பது சர்வர் வேலை செய்பவர்களின் அன்றாடப் பழக்கம். ஸ்கிரீன் 1987லேயே வந்த கருவி. நோஹப் கட்டளை இருப்பதே லாகவுட்டுக்குப் பிறகும் வேலை தொடர வேண்டும் என்பதற்காகத்தான். அதுவும் சேர்ந்து அடிபட்டது.

சிஸ்டம்டி தரப்பில் சொன்ன காரணம் பொய்யில்லை. டெஸ்க்டாப்பில் லாகவுட் செய்த பிறகும் சில பிராசஸ்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பலர் பகிரும் கணினியில் அது பாதுகாப்புக்கும் இடைஞ்சல். யாருக்கு விதிவிலக்கு வேண்டுமோ அவர்கள் லாகவுட்டுக்குப் பிறகும் பிராசஸ்கள் தொடர அனுமதிக்கும் லிங்கர் வசதியை இயக்கி, டீமக்ஸை செஷனுக்கு வெளியே தனி ஸ்கோப்பில் (தனிப் பிராசஸ் குழுவில்) தொடங்கலாம் என்றார்கள். அதோடு நிற்காமல், சிஸ்டம்டிக்கு ஏற்றபடி கோடை மாற்றும்படி டீமக்ஸ் திட்டத்திடமும் கேட்டார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். டீமக்ஸ் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கிறது, மேக்கிலும் ஓடுகிறது. அங்கெல்லாம் சிஸ்டம்டி கிடையாது. டீஃபால்ட்டை மாற்றியவர் ஒருவர், சுமையைத் தூக்க வேண்டியவர் இன்னொருவர் என்றால் எப்படி?

லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் டிஸ்ட்ரோக்களில் ஒன்றான டெபியனில் உடனே பிழைப் புகார் பதிவானது, விரைவிலேயே தங்கள் தொகுப்பில் பழைய ‘நோ’வுக்கே திரும்பிவிட்டார்கள். இன்னொரு டிஸ்ட்ரோவான ஃபெடோராவும் ‘நோ’தான். சிஸ்டம்டியின் மூலத்தில் இன்றும் ‘எஸ்’தான் இருக்கிறது, ஆனால் பில்ட் செய்யும்போது டிஸ்ட்ரோக்கள் மாற்றிக்கொள்ள வழி உண்டு.

டீஃபால்ட்டை மாற்றும் இதே வேலையை, கோடின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் எப்படிச் செய்தது என்று பாருங்கள். முன்பெல்லாம் வெறுமனே கிட் புஷ் (உங்கள் மாற்றங்களை சர்வருக்கு அனுப்பும் கட்டளை) என்று அடித்தால், உங்கள் கணினியிலும் சர்வரிலும் ஒரே பெயரில் இருக்கிற எல்லா கிளைகளும் போய்விடும். புதியவர்களுக்கு இது ஆபத்து, அதுவும் சர்வரில் இருப்பதை மேலெழுதச் சொல்லும் ஃபோர்ஸ் சேர்த்து அடித்தால் சக ஊழியரின் வேலையே அழியலாம். 2012இல், நீங்கள் இருக்கும் கிளையை மட்டும் அனுப்பும் ‘சிம்பிள்’ என்ற முறையை ஒரு விருப்பமாகச் சேர்த்தார்கள். பிறகு, செட்டிங் வைக்காதவர்களுக்கு ஒவ்வொரு முறை புஷ் செய்யும்போதும், 2.0இல் இது மாறப்போகிறது, பழையபடியே வேண்டுமானால் இந்தக் கட்டளையைக் கொடுங்கள் என்று எச்சரிக்கை வந்தது. 2014 மே மாதம் 2.0 வந்தபோதுதான் டீஃபால்ட் மாறியது. அந்த எச்சரிக்கை எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் யாருக்கும் தெரியாமல் எதுவும் மாறவில்லை.

டீஃபால்ட்டை நம்பியிருக்கிற பெரும்பாலானோர் உங்கள் விவாதத்தில் இல்லை. அப்படி ஒரு விவாதம் நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. அப்டேட் போட்ட மறுநாள் அவர்கள் புகாரோடு வரும்போது பதில் சொல்ல நிற்பவர் மெயின்டெய்னர். பேட்ச் அனுப்பியவர் அப்போது இருப்பாரா என்பது அவருக்குத் தெரியாது.

அதனால் அந்த ஒரு வரியை இப்போதைக்குத் திரும்பப் பெறுங்கள். உங்கள் மாற்றத்தை முதலில் ஒரு விருப்பமாக, டீஃபால்ட்டில் அணைந்த நிலையில் சேர்த்து அனுப்புங்கள். எச்சரிக்கை வாசகத்தையும், பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும், ஆவணத் திருத்தத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அப்புறம், எந்தப் பதிப்பில் டீஃபால்ட்டை மாற்றலாம் என்று மெயின்டெய்னரிடமே கேளுங்கள். அந்தப் பதிப்பு வெளியான பிறகு வரும் புகார்களுக்கு நானும் பதில் சொல்கிறேன் என்று எழுதுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.